முதலில் பெயரைக் கேள்

அட்டை இடது கைக்குள்தான் இருக்கிறது என்று யோகமலருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அந்தக் கையை மடியில் வைத்துச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள், பக்கத்துக் கதிரையில் இருப்பவர் கண்டால் சிரிப்பார், சிரித்துவிட்டுச் சும்மாவும் இருக்கமாட்டார், வீடு போய்ச் சேரும்வரை சொல்லிச் சொல்லிக் காட்டுவார். பக்கத்துக் கதிரையில் இருப்பவர் அவளுடைய புருஷன் குகதாசன். கலியாண வீடுகளுக்குப் போடுகிற கோட்டைப் போட்டுக்கொண்டு, கைபேசியை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தபடி, இன்னும் தொடங்காத அணிவகுப்பை அவர் அப்போதே படம் பிடித்துக்கொண்டிருந்தார். வெறும் மண்டபம், வெறும் பலகைத் தரை, சுவரில் பழைய கொடிகள், அதை எதற்குப் பிடிக்கிறார், பிடிக்கட்டும், மனுசனுக்குச் சந்தோஷம். மொன்றியல் நகரத்துக்கு நடுவில் இந்தக் கல்லுக் கட்டடத்தை எத்தனையோ தரம் பேருந்தில் இருந்து பார்த்திருக்கிறாள், தேவாலயம் என்றுதான் நினைத்திருந்தாள். வாசலில் சீருடையோடு நின்ற பெடியன் அவளுடைய பையைக்கூடத் திறக்கச் சொல்லவில்லை, "போன்ழூர் மடாம்" என்று கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நின்றான், அவ்வளவுதான். ஆனால் சீருடையைக் கண்டதும் கை தன்பாட்டில் பைக்குள் போய் அட்டையை எடுத்துவிட்டது. நீட்டவும் ஆளில்லை, கேட்கவும் ஆளில்லை, கேட்காத அட்டையை எப்படித் திரும்பப் பைக்குள் வைப்பது என்று அந்தக் கைக்குப் பழக்கமில்லை, பொத்திக்கொண்டது. அட்டை என்றால் பெரிய அட்டையும் இல்லை, வைத்தியரிடம் காட்டுகிற மருத்துவ அட்டை, சூரியன் உதிக்கிற படம் போட்டது, மூலையில் அவளுடைய முகம் பயந்துபோய்ப் பார்க்கிறது. படம் எடுத்த அன்று இவள் பயப்படவே இல்லை, கண்ணை அகலத் திறவுங்கள் என்றார்கள், திறந்தாள். இப்போது அந்த முகத்தின்மேல் அவளுடைய பெருவிரல் அழுத்தமாக இருந்தது.

"இஞ்சாரும், கொஞ்சம் சிரியும், உம்மையும் எடுக்கிறன்" என்றார் குகதாசன். "என்னை என்னத்துக்கு, பிள்ளையை எடுங்கோ" என்றாள். பிள்ளை இன்னும் உள்ளே வரவில்லை, வெளி நடையில் வரிசையாக நிற்கிறார்கள் போல, சப்பாத்துகள் கேட்கின்றன, யாரோ இருமுகிறார்கள். அவளுடைய பிள்ளை கௌசிகா இன்றைக்குக் கோப்ரல் பதவிக்கு உயர்கிறாள். வார நாட்களில் அவள் பல் வைத்தியர் ஒருவரிடம் வேலை, ஊரார் வாயைத் திறக்கச் சொல்லிப் பல் விளக்கிவிடுவாள். செவ்வாய்க்கிழமை பின்னேரமும் மாதத்தில் ஒரு சனி ஞாயிறும் ஆமி. அதற்கு ரிசேர்வ் என்று பெயர், தேவைப்படும்போது கூப்பிடுவதற்கென்று வைத்திருக்கிற படை. முதலில் கேட்டபோது யோகமலருக்கே விளங்கவில்லை, பாதி நாள் பல், பாதி நாள் துவக்கு, இது என்ன ஆமி என்று கேட்டாள். "அம்மா, பனி வழிக்கிறவர் இருக்கிறார், பேக்கரிக்காரர் இருக்கிறார், பள்ளிக்கூட ரீச்சர் இருக்கிறா, எல்லாரும் வீட்டிலை இருந்து வாறவைதான், முடிய வீட்டை போறவைதான்" என்றாள் கௌசி. வீட்டில் இருந்து வருகிற ஆமி. வீட்டுக்குப் போகிற ஆமி. அந்தச் சொல்லில் ஏதோ இருந்தது, அது என்னவென்று யோகமலர் பல நாள் யோசித்திருக்கிறாள், சோறு வடிக்கும்போது, பேருந்துக்கு நிற்கும்போது, இப்போதும் யோசிக்கிறாள். அதற்குள் மற்றது வந்து இடிக்கிறது. லத்வியா. கனடாக்காரர் அங்கே போய் நிற்கிறார்கள், ரஷ்யாவின் எல்லைப் பக்கம், கோடையில் இன்னொரு தொகுதி போகப்போகிறது, ரிசேர்வில் இருப்பவர்களை யாரும் இழுத்துக்கொண்டு போவதில்லை, விரும்பினால் பெயர் கொடுக்கலாம், பெயர் கொடுக்க இன்றுதான் கடைசி. கௌசி போன கிழமை சமையலறையில் நின்று, தேங்காய்ப்பூவை அள்ளி வாயில் போட்டுக்கொண்டே சொன்னாள், "அம்மா, எனக்குப் போக விருப்பம். ஆனால் நீங்கள் வேண்டாம் எண்டால் நான் போகேல்லை. கோவிக்கவும் மாட்டன். பரேட் அண்டைக்குச் சொல்லுங்கோ." கோவிக்கமாட்டன் என்று சொல்கிற பிள்ளைக்கு என்ன பதில் சொல்வது, கோவிக்கிற பிள்ளை என்றால் வேண்டாம் என்று ஒரே போடாகப் போட்டுவிடலாம். அன்றிலிருந்து யோகமலர் பதிலை வாய்க்குள் வைத்து உருட்டிக்கொண்டிருக்கிறாள். தகப்பனைக் கேட்டால், "நீர்தான் சொல்லவேணும், உம்மைத்தானே கேட்டவள்" என்று நழுவிவிட்டார், அவர் எப்போதும் அப்படித்தான், கஷ்டமான கேள்வி என்றால் கைபேசியை எடுத்துவிடுவார்.

மேளம் தொடங்கிவிட்டது. கதவுகள் விரிந்தன, எல்லோரும் எழும்பினார்கள், அவளும் எழும்பினாள், மேளத்துக்குப் பின்னால் சப்பாத்துகள் வந்தன, பலகைத் தரை அதிர்ந்து அந்த அதிர்வு அவளுடைய செருப்புக்குள்ளால் ஏறிக் கணுக்காலுக்கு வந்தது. இந்தச் சத்தம் காதுக்கு முதல் காலுக்குத்தான் கேட்கும், இது அவளுக்குச் சின்ன வயதிலேயே தெரியும், ஊரில், மீசாலையில், வீட்டுக்கு முன்னால் போகிற ஒழுங்கையில் ஆமி வந்து இந்தச் சத்தம் கேட்கும்போது அடுப்படியில் நிலத்தில் குந்தியிருக்கிறவளுக்கு அது தெரிந்துவிடும், அம்மா உலையை மூடிவிட்டு எல்லோருடைய அடையாள அட்டையும் எங்கே என்று தேடுவாள். அண்ணன் தயாபரன் அன்றைக்கு மண்ணெண்ணெய் வாங்கச் சைக்கிளில் போனவன். அவனுடைய அட்டை வானொலிப் பெட்டிக்கு மேலே கிடந்தது. அம்மாதான் கண்டாள், "மலர், ஓடு" என்றாள், மலர் அட்டையை எடுத்துக்கொண்டு ஓடினாள், பள்ளிக்கூடச் சட்டையோடு, செருப்பில்லாமல், சந்தியடிக்குப் போய்ச் சேர்ந்தபோது சைக்கிள் வேலியில் சாய்ந்திருந்தது, போத்தல் உடையாமல் கைபிடியில் தொங்கியது, அண்ணன் வாகனத்தில் ஏறிவிட்டான், ஏற்றப்பட்டுவிட்டான். அவள் அட்டையை நீட்டினாள். ஒருவன் வாங்கினான், படத்தைப் பார்த்தான், முன்னும் பின்னும் திருப்பினான், அவள் கையிலேயே திரும்ப வைத்துவிட்டுப் போய் ஏறிக்கொண்டான். வாகனம் நகர்ந்தது. அட்டை என் கையில் இருக்கிறது, அண்ணன் வண்டியில் இருக்கிறான், அட்டை என் கையில், அண்ணன் வண்டியில். இந்த இடத்தில் அவளுடைய நினைவு எப்போதும் சிக்கும், முன்னுக்கும் போகாது, பின்னுக்கும் வராது, அட்டையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு புழுதிக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். அண்ணன் மாரிக்கு முதல் திரும்பி வந்துவிட்டான், அதைச் சொல்லவேண்டும், வந்துவிட்டான், உயிரோடு வந்துவிட்டான், ஒரு காது மட்டும் கேட்காது. இப்போது லண்டனில் இருக்கிறார், பேரப்பிள்ளை கண்டுவிட்டார், தொலைபேசியை வலது காதில்தான் வைப்பார். ஆனால் ஓடினவள் இன்னும் நிற்கவில்லை. கொழும்புக்கு ஓடினாள், விமானத்துக்குள் ஓடினாள், மொன்றியலுக்கு வந்தும் பனிக்குள் ஓடினாள், எங்கே சீருடையைக் கண்டாலும், தபால்காரன் என்றாலும், தீயணைப்புக்காரன் என்றாலும், கைக்குள் ஓர் அட்டை இருக்கும். குகதாசன் கலியாணம் முடித்த புதிதில் பகிடி பண்ணினார், பிறகு காரணம் தெரிந்து நிறுத்தினார், பிறகு பிள்ளை வளர்ந்தபின் பழையபடி தொடங்கிவிட்டார்.

"அந்தா, அந்தா, ரெண்டாவது வரிசை, கரையிலை" என்று குகதாசன் அவளுடைய தோளை இடித்தார். ரெண்டாவது வரிசையில் கரையில் கௌசிகா நிற்கிறாள், பச்சையும் கபிலமும் கலந்த சீருடை, கொண்டை இறுக்கமாக, நாடி நேராக, கண் எங்கேயோ எதிர்ச்சுவரில். என்ன வடிவு. கண்ணூறு படப்போகிறது, படட்டும், வீட்டில் உப்பும் மிளகாயும் இருக்கிறது. வரிசைக்கு முன்னால் கக்கத்தில் தடி வைத்துக்கொண்டு, சத்தமாகக் கட்டளை கொடுக்கிற அந்த மலைபோல மனுசனை யோகமலருக்குத் தெரியும், சார்ஜன்ட் மேஜர் பூஷார், மாரி காலத்தில் நகரசபையின் பனி வழிக்கிற வண்டி ஓட்டுகிறவர். அவரை முதன்முதலில் கண்ட நாள் இருக்கிறதே. ஆறு பெருக்கெடுத்த வசந்தம், பியர்போன்ட் பக்கத்தில் இவர்களுடைய தெருமுழுக்கத் தண்ணீர், குகதாசன் வேலைக்குப் போய்விட்டார், கதவில் தட்டுகிறார்கள், யன்னலால் பார்த்தால் சீருடை. அவளுக்கு மற்றதெல்லாம் மறந்துவிட்டது, கௌசியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கீழே பேஸ்மென்ற்றில் உடுப்புத் தோய்க்கிற மெஷினுக்குப் பின்னால் இருத்தி, மூச்சு விடாதை என்றாள். பேஸ்மென்ற்றில்! தண்ணீர் வருகிறது என்று சொல்லத்தான் அவர்கள் வந்திருக்கிறார்கள், தண்ணீர் முதலில் வருகிற இடத்தில் கொண்டுபோய்ப் பிள்ளையை ஒளித்து வைத்தாள் மகராசி. மேலே வந்து கதவைத் திறந்து அட்டையை நீட்டினாள். பூஷார் அப்போது இரண்டு தோளிலும் மண்மூட்டை வைத்துக்கொண்டு நின்றார். மருத்துவ அட்டையை நீட்டுகிற, முகம் வெளிறின பெண்ணைப் பார்த்தால் எந்த மனுசன் என்ன நினைப்பான், நோயாளி என்று நினைத்துவிட்டார். மூட்டைகளைத் தொப்பென்று போட்டார், அவளைப் பிடித்து வாசல்படியில் இருத்தினார், நெஞ்சு நோகிறதா என்று தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டிக் கேட்டார், தோளில் இருந்த வானொலியில் ஆம்புலன்ஸ், ஆம்புலன்ஸ் என்று கத்தினார். அந்தச் சத்தம் கேட்டுக் கௌசி மேலே ஓடிவந்தாள், முழங்கால்வரைக்கும் ஈரம். அப்போது அவள் கல்லூரிக்குப் போகிற பிள்ளை, பிரெஞ்சில் விளக்கமாகச் சொன்னாள், அம்மாவுக்கு வருத்தம் வியாதி ஒன்றும் இல்லை, சீருடையைக் கண்டால் அட்டை காட்டுகிற பழக்கம், எங்கள் ஊரில் அப்படி. தெருவில் நின்ற மற்றப் பெடியங்கள் சிரித்தார்கள். பூஷார் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, "மன்னிக்க வேண்டும் மடாம், உங்களைப் பயப்படுத்திவிட்டேன்" என்றார். பிறகு இருட்டும்வரை நின்று வீட்டைச் சுற்றி மூட்டை அடுக்கினார்கள், யோகமலர் பால் விடாத பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்தாள், சீனி போதாது என்று இரண்டாம் தரமும் வாங்கிப் போட்டார்கள். ஒரு ஆமிக்காரன் தன்னிடம் மன்னிப்புக் கேட்டான் என்பதை அவள் அன்றிரவு புருஷனிடம் சொன்னாள், அண்ணனிடம் தொலைபேசியில் சொன்னாள், பிறகும் நம்பிக்கை வராமல் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். கௌசி தேநீர்க் கோப்பைகளைக் கழுவி அடுக்கினாள். அடுத்த வருடம் வந்து, அம்மா நான் ரிசேர்வில் சேர்ந்துவிட்டேன் என்றாள்.

அதற்குப் பிறகு வீட்டில் எத்தனை நாள் கதை பேச்சில்லை, அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. சீருடையை யோகமலர் தொடமாட்டாள். கௌசியே தோய்ப்பாள், கௌசியே ஸ்திரிக்கை போடுவாள், கொடியில் அது தொங்கினால் யோகமலர் மற்றப் பக்கத்தால் சுற்றிப் போவாள். தமிழ்க்கடையில் மரக்கறி தெரிந்தெடுக்கிற இடத்தில் ஒருத்தி கேட்டாள், "பொம்பிளைப் பிள்ளையை ஆமிக்கு விட்டிட்டியளாம், உண்மையோ?" யோகமலர் அன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டு முருங்கைக்காயைப் பொறுக்கினாள். பிறகு கொரோனா வந்தது. முதியோர் இல்லங்களில் பார்க்க ஆளில்லை, வேலை செய்கிறவர்களே விழுந்துவிட்டார்கள், அரசாங்கம் ஆமியைக் கூப்பிட்டது, கௌசி போனாள். துவக்கு இல்லை, கையுறையும் முகமூடியும்தான். கிழவிகளுக்குச் சூப் பருக்கினாள், தலை வாரிவிட்டாள், பல் கட்டைக் கழற்றிக் கழுவி வைத்தாள், அதில் அவள் கெட்டிக்காரி. ஒரு கிழவி இவளைத் தன்னுடைய செத்துப்போன தங்கச்சி என்று நினைத்து, ஒவ்வொரு நாளும் அதே பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாளாம், கௌசியும் ஓம் ஓம் என்று போய்க் கையைப் பிடித்துக்கொள்வாளாம். தவணை முடிந்து வீட்டுக்கு வந்தவள் உடுப்புப் பையைப் பின்வாசலில் போட்டுவிட்டு, குளித்துவிட்டு, சாப்பிடாமலே நித்திரையாகிவிட்டாள். யோகமலர் அந்தப் பையைப் பார்த்துக்கொண்டு கனநேரம் நின்றாள். பிறகு அவிழ்த்தாள். கிருமி மருந்து மணத்தது, பவுடர் மணத்தது, சட்டையின் முன்பக்கத்தில் சூப் கொட்டிக் காய்ந்திருந்தது. பிள்ளைக்குச் சோறு தீத்தினால் தாயின் சட்டையில் எங்கே கறை படுமோ அதே இடத்தில் படிந்திருந்தது. அன்றைக்குத்தான் முதன்முதல் அதைத் தோய்த்தாள், மெஷினில் போடாமல் கையாலேயே கசக்கினாள், அழுதாள், அழுதது துக்கத்தில் இல்லை. பெருமையாக இருந்தது, வேறு சொல் கிடையாது. அடுத்த கிழமை தமிழ்க்கடைக்குப் போய், அந்த மனுசி எங்கே நிற்கிறாள் என்று தேடிப் பிடித்து, அவள் கேட்காமலே சொன்னாள், "ஓம், விட்டனான்தான். உங்கடை ஆச்சிமாருக்கு வருத்தம் வந்தாலும் அவள்தான் போவாள்." அவ்வளவையும் சொல்லிவிட்டு முருங்கைக்காய் வாங்க மறந்து வீட்டுக்கு வந்தாள்.

அப்படியென்றால் லத்வியாவுக்கு ஓம் என்று சொல்வதற்கு என்ன. மேடையில் ஒரு பெரிய அதிகாரி பேசிக்கொண்டிருக்கிறார், உள்நாட்டில் வெள்ளம், காட்டுத்தீ, வெளிநாட்டில் கூட்டாளி நாடுகள், வேலையை விட்டு வருகிறவர்கள், குடும்பங்களின் பொறுமை, குடும்பங்களுக்கு நன்றி, எல்லோரும் கை தட்டுகிறார்கள், குகதாசன் கைபேசியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தட்டுகிறார், யோகமலர் ஒரு கையால் தொடையில் தட்டினாள், மற்றக் கைக்குள் அட்டை. உள்நாடு சரி. வெள்ளம் சரி, கிழவிகள் சரி. இங்கே அவள் கதவைத் தட்டினால் தண்ணீர் வருகிறது என்று சொல்லத்தான் தட்டுவாள். அங்கே? சண்டை வந்தால்? பிள்ளைக்கு ஏதும் நடந்துவிடும் என்ற பயம் ஒன்று, அது எல்லாத் தாய்க்கும் உள்ள பயம், அதை அவள் நெத்தியில் திருநீறு பூசுகிற மாதிரித் தினமும் பூசிக்கொண்டு பழகிவிட்டாள். இது மற்றப் பயம். பெயர் தெரியாத ஒரு குளிர் ஊரில், ஒரு சந்தியில் கௌசி துவக்கோடு நிற்கிறாள், அவளுடைய முகத்தில் களைப்பு, மொழி தெரியாது, யாரோ ஒரு பெண் வீட்டுக்குள்ளிருந்து வருகிறாள், ஓர் அட்டையை நீட்டுகிறாள். என்னுடைய பிள்ளையைப் பார்த்து அவள் நடுங்குகிறாள். பிள்ளை அட்டையை வாங்கி, முன்னும் பின்னும் திருப்பி, அந்தக் கையிலேயே வைத்துவிட்டுப் போகிறாள். இதைத்தான் யோகமலரால் விழுங்க முடியவில்லை. நேற்றிரவு அண்ணனுக்குத் தொலைபேசி எடுத்து இதைச் சொன்னாள், வேறு யாரிடமும் சொல்ல முடியாது. தயாபரன் இன்னொரு தரம் சொல்லச் சொன்னார், தொலைபேசியைத் தவறான காதில் வைத்துவிட்டாரோ என்று நினைத்தாள். பிறகு சொன்னார், "மலர், அண்டைக்கு அவங்கள் என்ரை பேரைக் கேக்கேல்லை, தெரியுமே? கடைசிவரைக்கும் ஒருத்தரும் கேக்கேல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பன். பேரைக் கேட்டவனுக்கு அடிக்கக் கை வராது. பிள்ளை போறதெண்டால் போகட்டும். ஆரின்ரை கதவிலை தட்டினாலும் முதல் பேரைக் கேக்கச் சொல்லு." இவ்வளவு நீளமாக அண்ணன் அந்த நாளைப் பற்றிப் பேசினதே இல்லை. பேசிவிட்டு, அங்கே மழை பெய்கிறது என்று சொல்லி வைத்துவிட்டார்.

இப்போது பெயர்கள் கூப்பிடுகிறார்கள். பதவி உயர்கிறவர் முன்னுக்கு வருவார், வீட்டில் இருந்து ஒருவர் போய், சீருடையின் நெஞ்சுப் பட்டியில் இருக்கிற பழைய துணிக்கூட்டைக் கழற்றிவிட்டுப் புதிய பதவிக்கோடு போட்டதை மாட்டவேண்டும், இங்கே அது வழக்கம். ஒரு பெடியனுக்கு அவனுடைய மனைவி மாட்டினாள், இன்னொருவனுக்குத் தகப்பன். கௌசிக்கு யார் என்று வீட்டில் கேள்வியே வரவில்லை, "அம்மாதான்" என்றுவிட்டாள், குகதாசனுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் நொந்திருக்கும், காட்டிக்கொள்ளவில்லை. கதிரையின் முதுகில் சட்டையைக் கொளுவிவிட்டு யோகமலர் ஒரு கிழமையாகப் பழகினாள், ஒரு கை பட்டியை இழுத்துப் பிடிக்கவேண்டும், மற்றக் கை கூட்டைத் தள்ளி ஏற்றவேண்டும். வெறும் சட்டையில் சுகமாக ஏறியது. "கோப்ரல் கௌசிகா குகதாசன்" என்று ஒலிபெருக்கி எப்படியோ கடித்துக் குதறிச் சொல்லியது, அடுத்து "மடாம் யோ... யோகா..." என்று இழுத்துவிட்டு நின்றுவிட்டது. "உம்மைத்தான், எழும்பும்" என்றார் குகதாசன். எழும்பினாள். பலகைத் தரையில் செருப்புச் சத்தம் அவளுடையது மட்டும்தான் கேட்டது, மண்டபம் முழுக்கப் பார்க்கிறது, காஞ்சிபுரத்து அரக்குச் சேலை, நெத்தியில் பொட்டு, பாருங்கோ, வடிவாகப் பாருங்கோ, நான்தான் தாய். கௌசிக்கு முன்னால் போய் நின்றாள். பிள்ளை எதிர்ச்சுவரைப் பார்த்தபடி அசையாமல் நிற்கிறாள், கழுத்தில் நாடி துடிப்பது மட்டும் தெரிகிறது. பக்கத்தில் பூஷார், கக்கத்தில் தடி, உள்ளங்கையில் புதிய துணிக்கூடு. யோகமலர் வலது கையால் பழையதைப் பிடித்தாள். வரவில்லை. இழுத்தாள், சட்டையே சேர்ந்து வந்தது. இன்னொரு தரம் இழுத்தாள். கௌசி உதடு அசையாமல், "அம்மா, ரெண்டு கையும் வேணும்" என்றாள். ரெண்டு கை. இடது கை பொத்திக்கொண்டு தொங்கியது, விரலைத் திற என்றால் திறக்கவில்லை, தன்னுடைய கைதானே, மற்றவளுடைய கைபோல இருந்தது. மண்டபம் காத்திருந்தது. பூஷார் குனிந்து அந்தப் பொத்தின கையைப் பார்த்தார், விரல்களுக்கிடையில் சூரியன் உதிக்கிற படத்தின் ஓரம் தெரிந்தது. அவருக்கு விளங்கிவிட்டது, முகத்தில் தெரிந்தது. தடியைக் கக்கத்தில் இன்னும் உள்ளே தள்ளினார், பெரிய உள்ளங்கையை விரித்து அவளுக்கு முன்னால் நீட்டினார், வாங்குவதற்காக இல்லை, ஏந்துவதற்காக. "நான் வைத்திருக்கிறேன் மடாம்" என்றார் மெல்ல. யோகமலர் அட்டையை அந்தக் கையில் வைத்தாள். அவர் அதைப் பார்க்கவில்லை, நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டு நேரே நின்றார்.

இரண்டு கையும் காலியாக இருந்தபோது அவை எவ்வளவு கெட்டிக்காரக் கைகள் என்று அவளுக்கே தெரிந்தது. பழையது சறுக்கி வந்தது, புதியது ஏறியது, பட்டியை அழுத்தி மூடினாள், சட்டையில் விழுந்த சுருக்கத்தைக் கையால் தடவிவிட்டாள், பழக்கதோஷத்தில் தோளிலிருந்த ஒரு முடியையும் எடுத்துவிட்டாள், யாரோ பின்வரிசையில் சிரித்தார்கள். உள்ளங்கைக்குக் கீழே பிள்ளையின் நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தது. இவளும் பயந்துபோய்த்தான் நிற்கிறாள், இவ்வளவு நேரமும் என் பதிலுக்குப் பயந்து நிற்கிறாள். கையை எடுக்காமலே யோகமலர் சொன்னாள், "போய்ட்டு வா. அங்கை ஆரின்ரையும் கதவிலை தட்டினால், அட்டையைக் கேக்க முதல் பேரைக் கேள். மாமா சொன்னவர். நானும் சொல்லுறன்." கௌசி எதிர்ச்சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், பார்க்கத்தான் வேண்டும், கட்டளை அப்படி, ஆனால் சுவர் அவளுக்குக் கலங்கித் தெரிந்திருக்கும். "ஓம் அம்மா" என்றாள். பிறகு கையை உயர்த்தி வணக்கம் வைத்தாள், அதிகாரிக்கு வைத்தாளா தாய்க்கு வைத்தாளா என்று யோகமலர் விசாரிக்கப் போகவில்லை, தனக்குத்தான் என்று எடுத்துக்கொண்டாள். குகதாசன் படம் பிடிக்க மறந்துபோய்க் கைபேசியை மடியில் வைத்துவிட்டு அழுதுகொண்டிருந்தார். அவள் வந்து பக்கத்தில் இருந்து, இரண்டு கையாலும் தட்டினாள், அடுத்தவனுக்கும் தட்டினாள், அதற்கடுத்தவனுக்கும், யார் பெற்ற பிள்ளைகளோ, உள்ளங்கை சிவக்குமட்டும் தட்டினாள்.

வெளியே வெயில், ஆனால் குளிர் போகவில்லை, வாகனத் தரிப்பிடத்தின் கரையில் அழுக்குப் பனி குவிந்து உருகிக்கொண்டிருந்தது. கௌசி சிநேகிதர்களோடு நின்றுவிட்டுப் பின்னேரம் வருவாள், இரவுக்கு இடியப்பம் அவிக்கவேண்டும், சொதிக்குப் பால் பிழியவேண்டும், அவளுக்கு வேண்டிய பனிச் சப்பாத்து நல்லதாக வாங்கவேண்டும், லத்வியாக் குளிர் இங்கத்தைக் குளிரைவிடக் கூடவோ குறையவோ, யாரைக் கேட்கலாம். "இஞ்சாரும், கெதியாய் நடவும்" என்று முன்னால் போன குகதாசன் கூப்பிட்டார். அப்போது பின்னால் சப்பாத்துச் சத்தம் கேட்டது, யாரோ ஓடி வருகிறார்கள், கனமான ஆள், நேரே அவளை நோக்கித்தான் வருகிறார். யோகமலரின் கால் நின்றது. கை பைக்குள் போகவில்லை என்பது அவளுக்குக் கொஞ்சம் பிந்தித்தான் தெரிந்தது. திரும்பினாள். பூஷார் மூச்சிரைக்க வந்து நின்றார், தடியும் இல்லை, தொப்பியும் இல்லை, கையை உயர்த்திப் பிடித்திருந்தார், அதில் அவளுடைய அட்டை. வெறுமையாக இருந்த தன் இரண்டு கைகளையும் யோகமலர் பார்த்தாள், இவ்வளவு தூரம் வெறுங்கையோடா நடந்து வந்தேன், அட்டையை ஒரு ஆமிக்காரனிடம் கொடுத்துவிட்டு, அதை மறந்துபோயா வந்தேன். "படியில் நின்று கூப்பிடலாம் என்று பார்த்தேன் மடாம்" என்றார் பூஷார், முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு. "உங்கள் பெயரை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அதனால்தான் ஓடி வந்தேன். எப்படிச் சொல்ல வேண்டும்?" யோகமலர் நிமிர்ந்து நின்று, முழுத் தரிப்பிடத்துக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள், "யோகமலர்." அவர் சொல்லிப் பார்த்தார், கடைசியில் வழுக்கிவிட்டது. "இல்லை, இல்லை. ம-லர்" என்றாள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குச் சொல்வதுபோல. இன்னொரு தரம் முயன்றார், அதுவும் சரிவரவில்லை, மூன்றாம் தரம் சரியாகச் சொன்னார். அதுவரைக்கும் அவள் அட்டையை வாங்கவில்லை.